வாளிக்கல்

லேண்டி துஸ் எங்கே இருப்பாள் என்று யாஷ்துன் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். மடுவின் அடியில் இருப்பாள். தண்ணீரை ஒட்டிய பலகைக் கொட்டகையில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். வெளியூரிலிருந்து குளிக்க வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் போனபின் வாங்கி அலசி உலர்த்துவாள். வார் அறுந்தால் தைப்பாள். கொட்டகைக்கு எதிரே இருந்த பழைய கற்படிகளில் ஒன்பதாவது படியில் யாரோ சிலுவை ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். ஆள் வராத நேரத்தில் அவள் உட்காரும் இடம் அதுதான்.

சுண்ணாம்புப் பாறை உள்ளுக்குள்ளேயே கரைந்து, என்றைக்கோ கூரை இடிந்து விழுந்ததில் உண்டான மடு அது. வட்டமான வாய். விளிம்பிலிருந்து தண்ணீருக்கு ஐந்து ஆள் உயரம். இடிந்த கூரை இன்னும் நடுவில் குன்றாக முழுகிக் கிடக்கிறது. வெயில் விழுந்து மினுங்கும் நடுத்தண்ணீரைப் பார்த்து ஆசைப்பட்டுக் குதிக்கிறவன் அந்தக் குன்றின் தலையில்தான் இறங்குவான். ஊர்க்காரர்கள் சுவரை ஒட்டி, நிழல் படிந்த கறுப்புத் தண்ணீரில் குதிப்பார்கள். அதற்கென்று கிழக்கு விளிம்பில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும். அது குதிகல், ஆண்களுடையது. நேர் எதிரே மேற்கு விளிம்பில் இருப்பது வாளிக்கல். குழாய் வருவதற்கு முன் பெண்கள் நின்று தண்ணீர் இறைத்த இடம். கயிறு உரசி உரசி அதன் ஓரத்தில் விரல் ஆழத்துக்குப் பள்ளங்கள் விழுந்திருக்கும்.

ஒன்பது வயதில் லேண்டி அந்தக் கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு எதிர்க்கரையில் ஆண்கள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பம்மா குதிக்கறது?"

"நீ குதிச்சிட்டா வாளிய யாரு இழுக்கறது? பிடிடி கயித்த."

பிடித்தாள். பதினைந்து வயது வரை பிடித்தாள். பிறகு குழாய் வந்தது. மார்த்தீன் கனுலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கடற்கரை நகரத்தில் ஓட்டல் கட்டும் வேலைக்குப் போய், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, கயிற்றுத் தொட்டிலில் ஒருநாள் முழுக்கத் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவான். லேண்டிக்கு மடுவில் வேலை கிடைத்தது. நீந்தத் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இருபத்தாறு வயதில் ஒருநாள், ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நீந்திய தடித்த ஆள் ஒருவர் அவள் கண்ணெதிரே மூச்சுத் திணறி உள்ளே போனார். லேண்டி ஒரு ஜாக்கெட்டை வீசினாள். எட்டவில்லை. இன்னொன்று. அதுவும் எட்டவில்லை. நான்கு ஜாக்கெட் வீசியபின் மேலேயிருந்து அவள் தம்பி வில்பெர்த் குதித்து ஆளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். அன்று சாயங்காலம் அந்த நான்கு ஜாக்கெட்டையும் அலசும்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று யோசித்துப் பார்த்தாள். வேறு ஆள் கிடைக்கவில்லை, தன்மேல்தான்.

மறுநாளிலிருந்து ஆள் வருமுன் தண்ணீரில் இறங்கினாள். முதலில் கரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஒரு கை விட்டு. பிறகு இரண்டு கையும் விட்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. ஆறு மாதத்தில் மடுவைச் சுற்றி வந்தாள். ஒரு வருஷத்தில் விழுந்த மூக்குக்கண்ணாடியை அடியிலிருந்து எடுத்து வந்தாள். அவள் நீந்துவதை ஊர் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை. குதிப்பது மட்டும் வேறு.

ஜூன் இருபத்துநாலு தண்ணீருக்குச் சொந்தக்காரரான சான் ஹுவானின் திருநாள். அதற்கு முந்தின ஒன்பது நாளும் மடு மூடியிருக்கும். யாரும் காலை நனைக்கக் கூடாது. தண்ணீர் ஓய்வெடுக்கிறது என்பார்கள். திருநாள் மத்தியானம் மூன்று வாணம் விடுவார்கள். மூன்றாவது வெடித்ததும் ஊர் தேர்ந்தெடுத்த ஒருவன் விளிம்பிலிருந்து குதிப்பான். அந்த உடம்பு பட்டதும் தண்ணீர் திறந்துவிடும். பிறகு ஊரே உள்ளே. நடுவில் யாராவது இறங்கி ஓய்வைக் கலைத்துவிட்டால் மழை வழி தப்பிப் போகும்.

அந்த வருஷம் மழை ஏற்கெனவே மூன்று வாரம் பிந்தியிருந்தது. விதைத்த சோளம் விரல் உயரத்தில் நின்று இலையைச் சுருட்டிக்கொண்டது.

லேண்டியோ ஐந்து வருஷமாக அந்த ஒன்பது நாளும் விடியற்காலையில் நீந்திக்கொண்டிருந்தாள்.

நம்பிக்கை இல்லாதவள் என்று சொல்ல முடியாது. நம்பினாள். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, தண்ணீரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். நம்புகிறவள் ஏன் மீறுகிறாள் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். வருஷத்தில் வேறு எந்த நாளும் அவளை யாராவது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒன்பது காலைகளில் மட்டும் தண்ணீரும் அவளும்தான். இது பதிலா, சாக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொட்டகைச் சாவியோடு படிக்கதவுச் சாவியும் அவளிடம் இருந்தது. போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மடு மூடியிருந்த நாட்களில் பழைய கற்படிகளை இடித்துவிட்டு மரப்படி போட்டார்கள். வேலை காலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும். லேண்டி ஐந்துக்கே போய்விடுவாள். ஆறாவது நாள் காலை, குதிகல்லுக்கு நேர் கீழே போகும்போது அவள் முழங்கால் எதிலோ இடித்துத் தோல் உரிந்தது.

அங்கே இடிக்க ஒன்றுமே கிடையாது. வெயில் காலத்தில் மடு பச்சை பிடித்துவிடும். நீட்டிய கை விரல் தெரியாது. மூச்சுப் பிடித்து முழுகித் தடவிப் பார்த்தாள். கல். அதன்மேல் கல். விளிம்பு வெட்டிய கல். மேலாக ஒன்று தட்டையாகக் கிடந்தது. அதன்மேல் விரலை ஓட்டினாள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. பதினோரு வருஷம் உட்கார்ந்த சிலுவை.

சுவரிலிருந்து பெரிய பாறைத் திட்டு ஒன்று அங்கே அடியில் நீட்டிக்கொண்டிருப்பது, முழுகி முழுகிப் பார்த்த லேண்டிக்குத் தெரியும். மூன்று ஆள் ஆழத்தில் இருந்ததால் குதிக்கிறவர்கள் கால் அதில் பட்டதில்லை. இடித்த படிகளெல்லாம் அந்தத் திட்டில் தங்கிக் குவிந்து மேலே வந்திருந்தன. குவியலின் உச்சியில் அவள் எழுந்து நின்றாள். தண்ணீர் மார்பளவு இருந்தது.

அந்த வருஷம் குதிக்கத் தேர்ந்தெடுத்திருந்தது வில்பெர்த்தை.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் அவள் மறுபடி போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் என்ற பயமும் கூடவே இருந்தது. எது பெரியது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வரவில்லை. எட்டாம் நாள் கரையேறும்போது, தான் கல்லை எண்ணவில்லை, நாளைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. நேரே கொத்தனார் எவுலோகியோவிடம் போனாள். அவர் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய படிக்கல்லெல்லாம் எங்கண்ணே?"

"மடுவுலதான். குதிகல்லுக்குக் கீழ தள்ளிட்டோம்."

"எத்தனை வண்டி?"

"நாப்பது தள்ளுவண்டி இருக்கும். எதுக்குக் கேக்கற? வீட்டுக்கு வேணுமா?"

"அத்தனையும் அங்கயேவா போட்டீங்க?"

"அடியில்லாத இடத்துலதானே போடணும்? எங்கப்பா ஒரு செத்த மாட்டையே போட்டாரு. இன்னைக்கு வரைக்கும் கீழ போய்ச் சேர்ந்திருக்காது." அவர் சிரித்தார். "அது முழுங்கிடும், லேண்டி. கவலப்படாத."

அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மடு என்றால் போட்டது போனதுதான்.

ஒன்பதாம் நாள் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. சாயங்காலம் வில்பெர்த் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் திருநாளுக்காக மண்குழி தோண்டி, நாரத்தைச் சாறும் சிவப்பு மசாலாவும் தடவிய பன்றியை வாழையிலையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நாளைக்கு நீ அங்க குதிக்காத. கீழ கல்லு இருக்கு. மார்பளவு தண்ணிதான்."

"யாரு சொன்னா?"

"நின்னு பார்த்தேன்."

"எப்ப?"

அவள் முழங்கால் காயத்தைக் காட்டினாள். அவன் கை நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மூடின தண்ணியிலயா இறங்கின? அக்கா, உனக்குப் பைத்தியமா? ஊரே வானத்தப் பார்த்துக்கிட்டிருக்கு. தெரிஞ்சா மழை வராததுக்கே நீதான் காரணம்பாங்க."

"சொல்லட்டும். நீ குதிக்காத."

"நான் குதிக்கலேன்னா பயந்துட்டான்பாங்க. கொஞ்சம் முன்னாடி எட்டிக் குதிக்கறேன், போதுமா?"

"எட்டினா நடுக்குன்று."

"அப்ப பக்கவாட்டுல."

"பக்கவாட்டுல சுவர் வளையுது. வில்பெர்த், நான் விளையாடல."

"எட்டு வருஷமா அங்கதான் குதிக்கறேன். உன்னவிட எனக்குத் தெரியாதா? நீ ஒருதடவையாவது குதிச்சிருக்கியா?" என்றவன் உடனே, "கோவிச்சுக்காத. கறி எடுத்துட்டுப் போ" என்றான்.

அவள் கறி வாங்காமல் வந்துவிட்டாள்.

திருநாள் காலை பதினொன்றரைக்கு விளிம்பைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. ஆலமரத்தடியில் மேஜை போட்டு சான் ஹுவான் சிலையை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒன்பது நாளும் ஜெபம் சொன்ன பெலீசா, ஊர் மரியாதையாகத் தோன்யா என்று சேர்த்துக் கூப்பிடுகிறவள், ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊர்த்தலைவர் தோன் காஸ்பர் புதுத்தொப்பி போட்டிருந்தார். கொத்தனார் எவுலோகியோ வாணங்களோடு நின்றார்.

லேண்டி பூத்தையல் போட்ட வெள்ளை அங்கியில் வந்தாள். நேரே தலைவர் முன் போய் நின்றாள்.

"தோன் காஸ்பர், குதிகல்லுக்குக் கீழ பழைய படி குவிஞ்சு கிடக்கு. இன்னைக்கு அங்க யாரும் குதிக்கக் கூடாது."

"யாரு பார்த்தது?"

"நான். மூணு நாளா காலையில இறங்கிப் பார்த்தேன். அதுக்கு முன்னாடியும் தினம் இறங்கியிருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். சொல்லிவிட்டாள். சொல்லும்வரை மலையாக இருந்தது, சொன்னபின் அவ்வளவு பெரியதாக இல்லை.

"மூடின தண்ணியில?" என்றார் காஸ்பர்.

"ஆமா."

பின்னாலிருந்து ஒருத்தி, "என் சோளம் கருகுது, இவ குளிச்சிட்டிருந்திருக்கா!" என்றாள். இன்னொருத்தி, "அதான் முகத்துல இந்த மினுமினுப்பு" என்றாள். யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள்.

"என்னைத் திட்டுங்க, அப்புறம் திட்டுங்க. இப்ப ஒருத்தர் படியிறங்கிக் கம்பு விட்டுப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"வாணம் வெடிக்கறதுக்கு முன்னாடி தண்ணிகிட்ட யாரும் போகக் கூடாது. நீ போனது போதாதா?" காஸ்பர் கையை நீட்டினார். "சாவிய குடு."

"அடியில்லாத இடம்மா அது" என்றார் எவுலோகியோ, பரிதாபமாக. "ஏதோ ஒரு கல்லு சுவத்துல ஒட்டிட்டிருக்கும். அதுல இடிச்சிக்கிட்டிருப்ப."

"குதிச்சுப் பார்க்காதவங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

லேண்டி சாவியைக் கொடுத்தாள். காஸ்பர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "திருநாள் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார்.

வில்பெர்த் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிகல்லில் ஏறினான். அவளைப் பார்க்கவில்லை. ஆனால் காலடியில் தண்ணீரைப் பார்த்தான், ஒருமுறைக்கு இரண்டுமுறை. பச்சைத் தண்ணீர் ஒன்றும் காட்டவில்லை. அவன் குழம்பியது லேண்டிக்குத் தெரிந்தது. குழம்பினாலும் குதிப்பான் என்பதும் தெரிந்தது. இத்தனை கண்ணுக்கு முன்னால் அந்தக் கல்லிலிருந்து இறங்கி நடக்க இந்த ஊர் யாருக்கும் வழி வைத்ததில்லை.

முதல் வாணம் போய் வெடித்தது.

லேண்டி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் மேற்கு விளிம்புக்குப் போனாள். வாளிக்கல்லில் ஆளில்லை. அங்கிருந்து யாரும் குதித்ததில்லை. அங்கே ஆழமா, பாறையா என்று ஆண்களுக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரியும். எந்த வறட்சியிலும் அம்மாவின் வாளி அங்கே தரை தட்டியதில்லை. கயிறு போன வழி நேர்வழி. பள்ளம் விழுந்த ஓரத்திலிருந்து நேர்கீழே, ஒரு சாண் முன்னால், அவ்வளவுதான். எட்டிப் பாயக் கூடாது, எட்டினால் நடுக்குன்று. வாளியைப் போல இறங்க வேண்டும்.

இரண்டாவது வாணம் வெடித்தது.

செருப்பைக் கழற்றினாள். கால்விரலைக் கயிற்றுத் தடத்தில் பொருத்திக்கொண்டாள். கீழே பார்த்தாள். ஒரு கேள்வி வந்தது: இது தம்பிக்காகவா, ஒன்பது வயதிலிருந்து காத்திருந்த எனக்காகவா? பதில் சொல்ல இப்போது நேரமில்லை என்று அந்தக் கேள்வியை அங்கேயே விட்டாள். இரண்டுக்குமாகவே இருக்கட்டும். அங்கியை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்தாள்.

"வில்பெர்த்! நில்லுடா!"

கத்திவிட்டுக் கால் எடுத்து வைத்தாள்.

காற்று காதைக் கிழித்தது. தண்ணீர் பாதத்தில் அறைந்தது. அங்கி தலைக்கு மேல் குடையாக விரிந்து கண்ணை மறைத்தது. கீழே போனாள், இன்னும் கீழே போனாள். கால் எதையும் தொடவில்லை. அம்மாவின் கயிறு பொய் சொல்லவில்லை. உதைத்து மேலே வந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சீறித் தள்ளிவிட்டு, நிற்காமல் எதிர்க்கரையைப் பார்த்து நீந்தினாள்.

மேலே எவுலோகியோ கையில் பற்றவைத்த நெருப்போடு அப்படியே நின்றார். மூன்றாவது வாணம் வெடிக்கவில்லை.

குதிகல்லுக்கு நேர் கீழே வந்தாள். காலால் துழாவினாள். முதல் கல்லில் வழுக்கினாள். இரண்டாவதில் கால் ஊன்றினாள். மெதுவாக நிமிர்ந்தாள். தண்ணீர் தோளிலிருந்து இறங்கி மார்புக்கு வந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அடியில்லாத இடத்தில், வயல் வாய்க்காலில் நிற்பதுபோல ஒரு பெண் நின்றாள். நேர் மேலே அவள் தம்பி நின்றான்.

விளிம்பைச் சுற்றி ஊர் எட்டிப் பார்த்தது.

"எவுலோகியோ," என்றது தோன்யா பெலீசாவின் குரல், "உங்கப்பன் போட்ட மாடும் அங்கதான் நிக்குதான்னு கேட்டுச் சொல்லு."

எவுலோகியோ நெருப்பைக் கீழே போட்டு மிதித்தார். தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

வில்பெர்த் குதிகல்லில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் மூடியிருந்தான். காஸ்பர் தொண்டையைச் செருமினார்.

"மூணாவது வாணம் வெடிக்கலை. தண்ணி திறந்ததா இல்லையான்னு..."

"விளிம்புலேருந்து விழுந்த முதல் உடம்பு திறக்கும்னுதானே சொல்றோம்?" என்றாள் பெலீசா. "உடம்பு விழுந்துச்சு. நான் பார்த்தேன். நீ பார்க்கலியா? திறந்தது திறந்ததுதான். வாணத்த விடுங்கய்யா, பிள்ளைங்க எத்தனை நேரம் வெயில்ல நிக்கும்?"

மூன்றாவது வாணம் போனது. யாரும் அசையவில்லை. அப்போது வில்பெர்த் எழுந்தான். குதிகல்லிலிருந்து பின்பக்கமாக இறங்கினான். விளிம்பைச் சுற்றி, இத்தனை பேர் பார்க்க, மேற்கே நடந்து வாளிக்கல்லில் ஏறினான். அங்கே கிடந்த அக்காவின் செருப்பை ஓரமாக நகர்த்தினான்.

"அக்கா! எங்க காலை வைக்கணும்?"

"பள்ளத்துல! எட்டாத! வாளி மாதிரி இறங்கு!"

அவன் இறங்கினான். தலை தூக்கி, நீந்தி வந்து, அவள் பக்கத்தில் கல்லைத் துழாவி எழுந்து நின்றான். தனக்கும் மார்பளவுதான் என்பதைக் குனிந்து பார்த்தான்.

"மூக்குல தண்ணி போச்சா?" என்றான் கடைசியில்.

"போச்சு."

"முதல் தடவை எல்லாருக்கும் போகும்."

அன்று ஊர் முழுக்க வாளிப் பக்கத்தில்தான் இறங்கியது. காஸ்பர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கையில் கொடுக்காமல் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். கல்குவியலின் தலையில் ஆபத்துக்கு அடையாளமாக லேண்டி ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கயிறு போட்டுக் கட்டி மிதக்கவிட்டாள். எவுலோகியோவும் அவர் ஆட்களும் அடுத்த இரண்டு மாதம் கயிறும் கொக்கியும் வைத்து ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தார்கள்.

மழை அன்றைக்கு வரவில்லை. பதினொரு நாள் கழித்து வந்தது. அவள் தண்ணீரைக் கலைத்ததால்தான் அந்தப் பதினொரு நாள் என்று ஒரு கூட்டம் சொன்னது. அவள் திறந்ததால்தான் பதினொரு நாளில் வந்தது என்று இன்னொரு கூட்டம் சொன்னது. லேண்டி எந்தப் பக்கமும் சேரவில்லை, அவளுக்கே தெரியாது.

தோன்யா பெலீசா மட்டும் விடவில்லை. திருநாளுக்கு மறுநாள் கொட்டகைக்கே வந்து நின்றாள்.

"இந்த வருஷம் எத்தனை காலை இறங்கின?"

"எட்டு."

"அப்ப எட்டு நாள் காலையில என் வீட்டு ஜெபத்துக்கு வந்து மெழுகுவத்தி பிடி. அஞ்சு மணிக்கு. தூக்கம் வருதுன்னு சொல்லாத, நீதான் அஞ்சுக்கு எழுந்திருக்கறவளாச்சே."

எட்டு நாளும் போய்ப் பிடித்தாள். மெழுகு உருகிக் கையில் விழுந்தது, நகர்த்தவில்லை. ஒன்பதாவது நாள் காலையில் மடுவுக்குப் போனாள். படிக்கதவைத் திறக்கவில்லை. வாளிக்கல்லில் ஏறி, செருப்பைக் கழற்றி, விரலைத் தடத்தில் பொருத்தினாள். இந்தமுறை காப்பாற்ற யாரும் இல்லை. அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு வந்த கேள்விக்கு, கால் எடுத்து வைத்துப் பதில் சொன்னாள்.